பரிமளம் மாற்றிய உரம்

கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் பரிமளத்தின் வீட்டுப் பின்வளவில், தக்காளிக்கும் மிளகாய்க்கும் அப்பால் வேலியோரமாக நாலு கஞ்சாச் செடிகள் நின்றன. ஒரு வீட்டுக்கு நாலு வளர்க்கலாம் என்று சட்டம் சொன்னதால் நாலு. ஒரு வருஷம் ஐந்தாவது விதையும் முளைத்துவிட, அதை அவளே பிடுங்கி எறிந்தாள். கோயிலில் யாராவது தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் கத்தரிக்காயோடு பேச்சை முடித்துக்கொள்வாள். வீட்டுக்குள் அதன் பெயர் மருந்துச் செடி. ஒருநாளும் அவள் அதைத் தொட்டுப் புகைத்தவள் அல்ல. எல்லாம் கணவர் தம்பிமுத்துவுக்கு.

தம்பிமுத்துவின் இடது கால், தொண்ணூறாம் ஆண்டு வாழைச்சேனைப் பக்கம் பீரங்கிச் செல் விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கால்தான் போனது, வலி போகவில்லை. இல்லாத பாதத்தின் பெருவிரலை யாரோ குறட்டால் பிடித்துத் திருகுவதாக அவர் சொல்வார். கனடாவுக்கு வந்து இருபது வருஷம் கடந்த பின்னும் அந்த விரல் அவரை விடவில்லை. டொக்டர்மார் குளிசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். குளிசை போட்டால் வாய் குழறிப் பகல் முழுக்கக் கிடப்பார். போடாவிட்டால் விஸ்கி. விஸ்கி உள்ளே போனால் கையில் அகப்பட்டது பறக்கும். மகள் துஷானி பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தன் அறைக் கதவுக்கு உட்பக்கமாகக் கொண்டி போட்டுக்கொண்டாள்.

வலிக்கென்று இருக்கிற கிளினிக்கில் ஒரு டொக்டர்தான், சிலருக்குக் கஞ்சா சரிவருகிறது, பார்க்கலாம் என்றார். கடையில் வாங்கியது சரிவரவில்லை. நெஞ்சு படபடக்கிறது, யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று அவர் எழும்பி எழும்பிப் பார்த்தார். துஷானியோடு வேலை செய்த ஒருத்தி, தன் தகப்பன் வளர்ப்பதென்று ஒரு சின்னப் பையில் விதை கொடுத்தாள். பரிமளம் அதை வேறெந்தப் பயிரையும் போலத்தான் வளர்த்தாள். வைகாசி முடிவில் மண்ணைக் கொத்தி, கடையில் விற்கிற ஆட்டெருப் பைகளில் இரண்டைக் கலந்தாள். வாரம் ஒருமுறை மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். ரக்கூன்கள் வந்து கிளறியதால் அதைச் சுற்றிக் கம்பி வலை அடித்தாள். ஆவணி கழிந்ததும் அடியிலைகள் பழுத்து விழும். ஐப்பசிக் குளிருக்கு முன் வெட்டி, நிலக்கீழ் அறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவாள். பூக்கள் சிறியவை, கல் மாதிரி இறுகியவை. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். தோடம்பழத் தோலும் மிளகும் சேர்ந்தது போல மணக்கும்.

இராச்சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டே இழுவை. முதல் முறை அரை மணித்தியாலம் கழித்து அவர் சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது.

"போகேல்ல பரிமளம். ஆனா அங்கால தள்ளிப் போய் நிக்குது."

அது போதுமாயிருந்தது. விஸ்கிப் போத்தல் வீட்டுக்குள் வருவது நின்றது. அவள் முதியோர் இல்லத்தில் சலவை வேலை முடித்து வரும்போது அவர் சோறு வடித்து வைத்திருப்பார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பார். துஷானி கலியாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவள், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே வரத் தொடங்கினாள். முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்ததில், இந்த நாலு வருஷம்தான் தாங்கள் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தோம் என்று பரிமளத்துக்குத் தோன்றும். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

குறை ஒன்றுதான். நாலு செடியில் ஆறு போத்தல் வரும். அது மாசிக்குள் முடிந்துவிடும். குளிர் விட்டால் வலியும் அடங்கும், அடுத்த அறுவடை வரைக்கும் தாக்குப்பிடிப்பார். நாலாவது வருஷம் தை பிறந்தபோதே முடிந்தது. அடுத்த ஆறு கிழமையும் அந்த வீட்டில் பழைய மனிதர் வந்து இருந்தார். ஒரு பின்னேரம் அவர் கழற்றி எறிந்த பொய்க்கால் பரிமளத்தின் மணிக்கட்டில் பட்டு எலும்பு வெடித்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் அவள், பனியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். தம்பிமுத்து பக்கத்துக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அடுத்த முறை இரண்டு மடங்கு அறுவடை எடுக்கவேண்டும் என்று அவள் அந்தக் கட்டிலில் இருந்தபடியே நினைத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த அன்புராசா, மார்க்கம் பக்கம் ஒரு பூக்கன்றுப் பண்ணையில் வேலை செய்தவன். ஆடி மாதம் ஒருநாள் அவன் வேலியோரம் வந்து செடிகளைப் பார்த்தான்.

"அக்கா, உந்த ஆட்டெருவை நம்பி இருந்தா உவ்வளவுதான் வரும். நான் வேலையிடத்துச் சாமான் கொஞ்சம் கொண்டுவந்து தாறன்."

இரண்டு பேணி கொண்டுவந்தான். ஒன்றுக்கு நீல மூடி, மற்றதுக்குச் சிவப்பு மூடி.

"பூ வரும் வரைக்கும் நீலம். பூ வெளிக்கிட்டவுடன நீலத்தை நிப்பாட்டிப்போட்டுச் சிவப்பு. மாறிப்போடாதேங்கோ."

"ரெண்டும் உரம்தானே தம்பி?"

"நீலம் இலைக்கு அக்கா. சிவப்பு பூவுக்கு."

நீலத்தை ஊற்றிய பத்தாம் நாள் செடிகள் அவள் இதுவரை கண்டிராத வேகத்தில் எழும்பின. இலைகள் கரும்பச்சையாகி உள்ளங்கையைவிட அகலமாக விரிந்தன. ஆவணி நடுவில் வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. தம்பிமுத்து பின்கதவில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்து, "நீ தோட்டம் போடேல்ல, காடு வளக்கிறாய்" என்றார். அவர் பகிடி விடுவது குறைவு. அன்று முழுக்க அவள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தாள்.

கணுக்களில் வெள்ளை மயிர் போலப் பூ தலைகாட்டியதும் அவள் சொன்னபடி சிவப்புக்கு மாறினாள். பத்து நாள் ஊற்றினாள். அடியிலைகள் மஞ்சளாகின. பிறகு அதற்கு மேலிலைகளும். முந்திய வருஷங்களிலும் இலை பழுத்துத்தான் விழுந்தது. ஆனால் அப்போது செடி சிறியது, அவளுக்குப் பயமும் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு மஞ்சள் இலையும் கீழே விழும்போது அவளுக்கு அந்த ஆறு கிழமைதான் கண்ணுக்குள் வந்தது. அன்புராசாவைக் கேட்டிருக்கலாம். அவன் அந்தக் கிழமை இரட்டை வேலை செய்துகொண்டிருந்தான், ஆளைக் காணக் கிடைக்கவில்லை. அவள் சிவப்பு மூடியை இறுக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு நீலத்தைக் கரைத்தாள். பயத்தில் ஒரு கரண்டி கூடவே போட்டாள். ஒரு கிழமையில் பச்சை திரும்பியது. செடி தப்பிவிட்டது என்று நினைத்தாள். புரட்டாதி முடியும் வரைக்கும் நீலத்தையே ஊற்றினாள்.

இலை நுனிகள் பருந்தின் நகம் போலக் கீழ்நோக்கி வளைந்ததை அவள் கண்டாள். செடி கொழுத்ததால் என்று எண்ணிக்கொண்டாள். பூக்கள் நீளமாக, ஆனால் இடையிடையே இலை முளைத்து, பஞ்சு மாதிரிப் பொருமி இருந்தன. மணம் வரவேயில்லை. காய்ந்தால் வரும் என்று காத்திருந்தாள்.

வெட்டிக் காயவைத்து முடித்தபோது பதினாலு போத்தல் நிரம்பியது. குசினி மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டுத் தம்பிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அடுத்த அறுவடை வரைக்கும் காணும். இனி மாசியைப் பத்தி யோசிக்க வேணாம்."

அவர் ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார், திரும்பவும் மணந்தார். அன்று இரண்டு இழுவைக்குப் பதிலாக ஐந்து இழுத்தார். புகை தொண்டையை அறுத்தது. கண்ணில் நீர் வர இருமினார். அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலம் போனது.

"எப்பிடி?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொன்ன மனிதரின் கை, காற்சட்டைக்கு மேலால், முடிந்துபோன காலின் நுனியைப் பிசைந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். பார்க்காதவள் போல எழும்பிப் போய்க் கோப்பை கழுவினாள்.

கார்த்திகையில் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், ஒரு பூவைத் துணித்துண்டில் சுற்றிக்கொண்டு, செடி வளர்க்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனாள். கல்லாவில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பூவை விரலால் பிய்த்து, மூக்கருகே வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசி வரைக்கும் நைட்ரஜன் கொடுத்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பரிமளம் நீல மூடிப் பேணியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகவே விளங்கப்படுத்தினாள். பூக்கிற காலத்தில் செடிக்குப் பசி இருக்கவேண்டும், அதற்கு நீ இலைக்கான தீனியைக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டாய், பூவுக்குள் சேரவேண்டிய பிசின் சேரவில்லை. அடியிலை மஞ்சளானது நோய் இல்லை, அது அப்படித்தான் ஆகவேண்டும்.

"இப்ப என்ன செய்யலாம்?"

கடைக்காரி ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பூவைத் திரும்பத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

பரிமளம் பஸ் தரிப்பில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அன்புராசாவிடம் மட்டும் கேட்டாள். அவன் சொன்னதையே திரும்பச் சொன்னான், பூ வந்தவுடன் நீலத்தை நிப்பாட்டச் சொன்னேனே அக்கா என்று. குற்றம் சொல்கிற குரலில் அல்ல. அவன் முகம்தான் வாடிப்போயிற்று.

மார்கழி முழுக்கத் தம்பிமுத்து அந்தப் பூக்களைப் புகைத்தார். முன்பு ஒரு மாதத்துக்குப் போதுமானது இப்போது ஒரு கிழமையில் போனது. நாள் முழுக்க இருமல். அவள் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றார். ஆனால் எறியவில்லை, கத்தவில்லை. வலி வரும்போது குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தார். வெளியே வரும்போது முகம் வெளிறியிருக்கும். ஒருமுறை அவள் கதவைத் தட்டினாள். "வாறன், வாறன்" என்ற குரல் பல்லிடுக்கால் வந்தது.

தை மாதம் பத்தாம் திகதி, காலை பதினொரு மணி. அவள் வேலையில் இருந்தாள். தம்பிமுத்து யாருக்கும் சொல்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு வெளிக்கிட்டார். முதல் நாள் பெய்த மழை இறுகி வாசற்படியெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. மூன்றாம் படியில் விழுந்தார். நல்ல காலின் இடுப்பெலும்பு உடைந்தது. எதிர்வீட்டுக்காரி கண்டு அம்புலன்ஸைக் கூப்பிடும் வரைக்கும் முக்கால் மணித்தியாலம் பனியில் கிடந்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்றார்கள். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அந்த நெஞ்சுக்கு அதைத் துப்புகிற பலம் இல்லை என்றார்கள். துஷானி அஜக்ஸிலிருந்து தினமும் வந்தாள். ஒரு மத்தியானம் அவள் கோப்பி வாங்கக் கீழே போன நேரம் பரிமளம் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இஞ்சாருங்க. நான் ஒண்டு சொல்லணும். இந்த முறை உரத்த மாத்தினன். இலை மஞ்சளாப் போக, நான் பயந்து பிழையானதத் திரும்பத் திரும்ப ஊத்திட்டன். அதாலதான் பூ அப்பிடிப் போச்சு."

தம்பிமுத்து கண்ணை மூடியபடி இருந்தார். கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"தெரியும்" என்றார். "அன்பு சொன்னவன். மார்கழியிலேயே."

"பிறகேன் பரவாயில்ல, பரவாயில்ல எண்டு சொன்னீங்க?"

"பதினாலு போத்தல அடுக்கி வெச்சிட்டு நிண்டாயே." மூச்சு வாங்க நிறுத்தினார். "அந்த முகத்தப் பாத்து என்னண்டு சொல்ற?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஊசி ஏற்றிய கை வீங்கிக் குளிர்ந்திருந்தது.

"அண்டைக்கு எங்க வெளிக்கிட்டீங்க?"

"கிளினிக்குக்கு. பழைய குளிசையத் தாங்க எண்டு கேக்க." அவர் கண்ணைத் திறந்து அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். "இனியும் தாங்க ஏலாமப் போயிட்டுது. உனக்குத் திரும்ப அடிச்சிடுவன் எண்டு பயமாக் கிடந்தது."

ஆறு நாள் கழித்து அவர் இறந்தார்.

எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிந்த பிறகு துஷானி வீட்டைத் துப்புரவாக்க வந்தாள். மிச்சம் இருந்த மூன்று போத்தலையும் கண்டு, "அம்மா, இத கார்பேஜ்ல போடட்டா?" என்று கேட்டாள். பரிமளம் ஓம் என்றாள். உரம் மாறிய கதையைத் துஷானியும் அறிந்திருந்தாள். அன்புராசா செத்தவீட்டில் நின்று அழுதபோது சொல்லியிருந்தான். அவள் தாயின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நான் கிளினிக் டொக்டரோட கதைச்சனான். நாலஞ்சு வருஷம் யூஸ் பண்ணினா உடம்பு பழகிடுமாம். பெஸ்ட் குவாலிட்டி குடுத்தாலும் வேலை செய்யாம விட்டிருக்கலாமாம். ஸோ, இட்ஸ் நொட் யுவர் ஃபோல்ட், அம்மா. அது உங்கட உரத்தாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். பரிமளம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அந்த மனிதர் இரண்டு மாதம் குளியலறைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எதற்காக? கடையில் அந்தப் பெண் பூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டியது எதற்காக? தன் கையால் நடந்தது என்றால் அதைச் சுமக்க அவளுக்குத் தெரியும். ஒரு காரணமும் இல்லாமல் நடந்தது என்றால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த டொக்டர் பூவப் பாத்தவரா?" என்று கேட்டாள்.

"இல்ல அம்மா."

"அப்ப அதப் பத்தி இனிக் கதைக்காத மகள்."

துஷானி போத்தல்களைக் கறுப்புப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். பரிமளம் எழும்பி, பின்னேர வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கோட்டைத் தேடினாள்.