சீலா மீனுக்காக இறக்கி வைத்த பெட்டி

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியிலுள்ள எங்கள் கல்லூரிக்குத் தரம் பார்க்கும் ஆய்வுக் குழு வரும். மற்ற மாதங்களில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் தேதி கிடைக்காது. சாரல் விழுந்ததும் தானாகக் கிடைத்துவிடும். அந்த வருஷம் வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பெண்கள். அவர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவைத்துக் கொண்டுவரும் வேலையைக் கல்லூரிச் செயலாளர் என் தலையில் கட்டினார். துறையில் நான் ஒருத்திதான் பெண்.

"லேப்ல வேலை கெடக்கு சார்" என்றேன்.

"ஒன் லேப் எங்கம்மா ஓடிப் போகப் போவுது? வந்தவங்களக் கவனி" என்றார்.

போனேன். அருவிக்கரையில் இரண்டு கைப்பைகளையும் இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். என் போன் காரில் இருந்தது. கடலடிச் சேற்றில் வாழும் ஆர்க்கியாக்களின் மரபணுக்களைப் படிக்கிறவள் நான். ஆர்க்கியா பார்வைக்குப் பாக்டீரியா போல இருக்கும், ஆனால் அது வேறு இனம். நான் தேடிய வகை நம் உடம்பின் செல்களுக்கே தூரத்துச் சொந்தம் என்கிறார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் யாராலும் வளர்க்க முடியவில்லை. எந்த உணவு கொடுத்தாலும் பெருகாது. அதனால் சேற்றிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டு துண்டாக வாசித்து, எதோடு எது சேரும் என்று கணினியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். நாலு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். இடைவெளிகளை அடைக்க, உடையாத நீளமான டி.என்.ஏ. வேண்டும். அதற்கென்றே கடைசியாகக் கொஞ்சம் குப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு, உறையவைத்துத் தொடாமல் வைத்திருந்தேன். வங்காள விரிகுடாவில் ஆராய்ச்சிக் கப்பலில் மூன்று வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே சேகரித்த சேறு அது. மறுபடி அந்தக் கப்பலில் இடம் கிடைக்காது.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். என் பெட்டி மேஜைமேல் இருந்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தேன். சேறு அசைந்தது.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் கவர் கவராகச் சீலா மீன்.

"அண்ணாச்சி, இத யாரு இறக்குனது?"

ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணாச்சிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான்தான் மேடம். நாளைக்கு விருந்துக்குத் தூத்துக்குடிலருந்து மீனு வந்துட்டு, கிச்சன் ஃப்ரிட்ஜுல எடமில்ல, லேப் ஐஸ் பெட்டில எடம் பண்ணுன்னு செயலாளர் சொல்லிட்டாவ. மேடத்துட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்னேன். சத்தம் போட்டாவ. ஒங்களுக்குப் போன் பண்ணுனேன், நீங்க எடுக்கலயே."

செயலாளர் அறைக்கு நேராகப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"என்னம்மா, சேறுதான? தூத்துக்குடிக் கடல்ல இல்லாத சேறா? அடுத்த வாரம் ஒரு வாளி அள்ளிட்டு வரச் சொல்லுதேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல்வர் சிரித்தார். பிறகு என்னைத் தனியாக வெளியே அழைத்து, "நாளைக்கு அவங்க லேப் பாக்க வரும்போது எதுவும் பேசிட்டு நிக்காதீங்க. காலைல எட்டு மணிக்கு மீன எடுத்துருவாங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. குப்பிகளை ஐஸில் வைத்து, அதில் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்ற அன்று மாலையே டி.என்.ஏ. பிரிக்கத் தொடங்கினேன். முடிந்ததும் ஃப்ரீசரைப் பூட்டினேன். ஆய்வுக்கூடத்தையும் பூட்டினேன். இரண்டு சாவிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். காலையில் முதல்வர் பதினோரு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

பத்து மணிக்குக் குழு வந்து நின்றபோதுதான் போய்க் கதவைத் திறந்தேன். ஃப்ரீசரையும் திறந்தேன். "என் மாதிரிகள் இருந்த இடம் இது. நேத்து மீன் வைக்கிறதுக்காக அதை வெளியே எடுத்துட்டாங்க. எல்லாம் உருகிப் போச்சு" என்று குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்தார். "பெரிய மீனா இருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய துண்டை நான் அருவிக்கரையில் சுமந்தேனோ அந்த அம்மாள், "தெரியாம நடந்திருக்கும், விடுங்கம்மா" என்றார். மத்தியானம் அந்த மீனை ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். கல்லூரி கேட்ட தரமும் கிடைத்தது.

மறுவாரம் ஒருவர் தண்டிக்கப்பட்டார். செயலாளர் அல்ல. கவனக்குறைவு என்று எழுதி அண்ணாச்சியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். உத்தரவு கொடுத்தது செயலாளர்தான் என்று நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். அதற்கடுத்த நாள் அண்ணாச்சி என் வீட்டு கேட்டுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்றார்.

"ஒங்க கோவம் ஒங்களுக்குச் சரி மேடம். எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் கெடக்கு. நீங்க வேற ஊருக்குப் போனாலும் ஒங்களுக்கு வேலை கெடைக்கும். நான் எங்கன போக? அந்த லெட்டரத் திருப்பி வாங்கிருங்க."

மீனை எல்லோருக்கும் காட்டியபோது இவரை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக உணர்ந்த கையெழுத்து வேறு இல்லை. அவரை ஹாஸ்டல் வாசலுக்குக் காவலாளியாகப் போட்டார்கள். பார்த்தால் "சாப்பிட்டியளா மேடம்" என்று கேட்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

உருகிய சேற்றில் வேறு கிருமிகள் பெருகியிருந்தன. டி.என்.ஏ. பொடிப்பொடியாகத்தான் கிடைத்தது. என் ஆர்க்கியாவின் மரபணுத் தொகுதி இன்றும் ஓட்டைகளோடுதான் இருக்கிறது. கட்டுரையில் நடந்ததை ஒரே வரியாக எழுதினேன்: உணவுப் பொருள் வைப்பதற்காக மாதிரிகள் உறைபெட்டியிலிருந்து அகற்றப்பட்டன. கூட எழுதிய இருவரும் அதை 'மின்தடை' என்று மாற்றச் சொல்கிறார்கள். அன்று தென்காசியில் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகவில்லை. மாற்ற முடியாது என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.