கோமதி டீச்சரின் ஏழு நிமிடங்கள்

கோமதி டீச்சர் தவறிய செய்தி எங்கள் பள்ளி வாட்ஸப் குழுவில் வந்தபோது, ஆற்றுப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். தச்சநல்லூரில் இறங்க வேண்டியவன் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். துக்கத்தில் தடுமாறினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அது வெட்கம்.

அவர் தமிழ் ஆசிரியை, நான் இயற்பியல். பார்வை இல்லாத நம் பிள்ளைகளுக்குப் பாடங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் வேலையை அவர்தான் தொடங்கினார். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தின் சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்காருவோம். வாசிப்பு அவருடையது, கருவிகள் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர் பாடம் நடத்திப் பார்த்திருப்பீர்கள். கை ஆடாமல் அவருக்கு வாய் வராது. மழை என்றால் விரல்கள் இறங்கும், யானை என்றால் தோள் அசையும். வளையல் சத்தம் பதிவில் விழுகிறது என்று நான் முணுமுணுப்பேன். அவர் சிரிப்பார். "பாக்க முடியாத பிள்ளைக்குக் கால்புள்ளிகூட காதுல விழணும் சார். நான் கையக் கெட்டிக்கிட்டு வாசிச்சா எப்படி விழும்?" என்பார்.

நாங்கள் பதிவு செய்த டேப்லெட்டில் ஒரே ஒரு துளை. மைக்கை இணைக்கும் ஆடியோ பெட்டியை அதில் சொருகிவிட்டால் சார்ஜ் ஏற்ற வழியில்லை. இரண்டையும் சேர்த்துச் சொருக ஒரு ஹப் வாங்கியிருந்தோம். எங்களிடம் இருந்த ஹப்புக்கு ஒரே விதிதான்: சார்ஜரை முதலிலேயே சொருகிவிட வேண்டும். பதிவு ஓடும்போது சொருகினால் ஆடியோ பெட்டியின் தொடர்பு அறுந்துவிடும். திரையில் நேரம் ஓடும், குரல் ஏறாது. இதை ஆசிரியர் அறை முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால், உடன்குடிக் கருப்பட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்துவிட்டார். நானோ முந்தின நாள் டேப்லெட்டில் கிரிக்கெட் பார்த்துவிட்டுச் சார்ஜ் போட மறந்திருந்தேன். வாசிப்பு தொடங்கிச் சற்று நேரத்தில் பேட்டரி சிவப்பானது. நிறுத்தச் சொன்னால் என் மறதி தெரிந்துவிடும். ஒருமுறைதானே, ஒன்றும் ஆகாது என்று மேசைக்கு அடியில் கையை விட்டுச் சார்ஜரைச் சொருகினேன். நேரம் ஓடியது. ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. ரசிப்பவனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முடித்தபின் போட்டுப் பார்த்தால், ஏழு நிமிடத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கைய வீசினதுல வயர் ஆடிட்டு டீச்சர்" என்றேன்.

அவர் சந்தேகமே படவில்லை. "முன்னமே சொன்னியளே சார், நாந்தான் கேக்கல. இன்னொருக்க வாசிக்கேன்" என்றார். வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கட்டிய தொண்டையோடு முழுப் பாடத்தையும் மறுபடி வாசித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எந்தச் சனிக்கிழமையும் அந்தக் கைகள் மடியை விட்டு எழவில்லை. பதிவுகள் படு சுத்தமாக வந்தன. ஒரு மாணவி மட்டும் என்னிடம் கேட்டாள்: "கோமதி டீச்சருக்கு எங்க மேல கோவமா சார்? இப்பல்லாம் யாரோ மாதிரி வாசிக்காங்க." தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டார். "அன்னைக்கு என்னால உங்களுக்கு எவ்வளவு சள்ளை. மனசுல வச்சுக்கிடாதிய சார்." அதெல்லாம் ஒன்றுமில்லை டீச்சர் என்றேன். சொல்லப்போனால், அவரைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இரங்கல் கூட்டத்தில் நான் ஒலிக்கவிட்டது பிந்தைய பதிவுகளில் ஒன்று. எவ்வளவு துல்லியம் என்று வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். டீச்சரின் கை அந்த வயரில் படவே இல்லை.

கெட்டுப்போன அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. கை ஆட அவர் வாசித்ததில் என்னிடம் மிஞ்சியது அதுதான்; மற்றவை பிள்ளைகளிடம் போய்விட்டன. ஏழு நிமிடம் வளையல் குலுங்க வாசிக்கிறார். பிறகு டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், நான் சார்ஜரைச் சொருகியது. அதற்கு மேல் நாற்பது நிமிடம் எதுவும் இல்லை. அதையும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறேன்.