நான் உயிர் கொடுத்த சாணை மெசின்

பிலிமத்தலாவைப் பழைய இரும்புக் கடையில் கிடந்த சாணை மெசினைக் கலஹாவுக்குத் தூக்கி வந்தபோது, என்னையும் அதே கடையில் எடைக்குப் போடலாமா என்பதுபோல மனைவி பார்த்தாள். கையில் காசில்லை. செத்துப்போன தண்ணீர்ப் பம்பின் பெயாரிங்கைக் கழற்றிப் போட்டேன். கோயில் கம்பிக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கிப் பூசினேன். இரண்டு பக்கக் கல்லோடும் மெசின் சுற்றியது. தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் எல்லாம் இனி என்னிடம்தான் வரும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. கவ்வாத்துக்காரர்கள் தங்கள் கத்தியைப் பெண்டாட்டியிடம்கூட நம்பிக் கொடுக்காத ஆட்கள்.

தீபாவளிக்கு முதல்நாள் மனைவி தேங்காயோடு வந்தாள். "ஒரு பக்கக் கல்லைக் கழட்டிட்டுத் துருவியை மாட்டுங்களேன்."

மாட்டினேன். சாயங்காலத்துக்குள் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் தேங்காய் மூடியோடு வாசலில் நின்றார்கள். தேங்காய்ப்பூவில் கல் தூள் விழுகிறது என்று மற்றக் கல்லும் கழன்றது. அந்தப் பக்கமும் துருவி ஏறியது.

போன வாரம் என் கத்தி மழுங்கிவிட்டது. கல்லை மாட்டிக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க, தெரியலையா?"

கத்தியைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு, சாணை பிடிக்கப் பேராதனைக்குப் பஸ் ஏறினேன்.