சுண்ணாம்பு அடித்த பாறை

என் ஆராய்ச்சியின் முக்கியமான அத்தியாயம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துப் பாறையை நம்பி இருந்தது. அங்குள்ள கிரானைட், பூமியின் ஆழத்திலிருந்து புதிதாக ஏறி வந்த பாறைக்குழம்பில் பிறந்ததா, ஏற்கெனவே கிடந்த பழைய பாறையே மறுபடி உருகிப் பிறந்ததா என்பதை அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பாறையும் கிரானைட்டும் ஒட்டி நிற்கும் இடம் அந்தப் பாறையின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து தூரம் அளந்து கல் எடுத்து ஒப்பிட வேண்டும்.

சுத்தியலோடு போனேன். தோட்டக்காரர் எனக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“அம்மணிக்கு எந்த ஊருங்க?”

“கோயமுத்தூர் கணபதிங்க.”

“அது இப்பங்க. அப்பாவுக்கு?”

ஊரைச் சொன்னேன்.

“அங்க எந்தப் பக்கமுங்க?”

எங்கள் தெருவைச் சொன்னேன். அப்பா தோட்டக் கூலி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு வேண்டியது அதுதானே. முகம் மாறவில்லை, மரியாதையும் குறையவில்லை. இளநீர் மட்டும் வரவில்லை.

“மேல சாமி இருக்குதுங்க கண்ணு. நீங்க ஏற வேண்டாமுங்க. கீழயே ஒடச்சுக்குங்க.”

என்னோடு வந்த டிரைவர் அவர்கள் சாதிக்காரர். அவர் உச்சியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். சுத்தியலை அவரிடம் கொடுத்து உடைக்கச் சொல்லியிருக்கலாம். கொடுக்கவில்லை. வீம்புதான்.

கீழே உடைத்தேன். வருடா வருடம் நோம்பித் திருவிழாவுக்கு அடிப்பாறையில் சுண்ணாம்பு அடிப்பார்களாம். மழையில் வெளுப்புப் போய்விட்டது, விரிசலுக்குள் ஊறியது போகவில்லை. சுண்ணாம்பிலும் ஸ்ட்ரான்சியம் உண்டு. ஆய்வக ரிப்போர்ட்டில் வந்த எண்கள் எந்தக் கிரானைட்டுக்கும் பொருந்தவில்லை. ஆராய்ச்சி வழிகாட்டி துறையில் எல்லார் முன்னாலும் கேட்டார்:

“கல்ல ஒடச்சீங்களா, கோயில் செவுத்த ஒடச்சீங்களா?”

சிரித்தார்கள். ஓர் ஆண்டு வீண்.

மறுபடி போனபோது பாதிப் பாறை இல்லை. தோட்டக்காரர் குவாரிக்கு விட்டிருந்தார். உச்சிக்குத்தான் முதலில் வெடி வைத்திருக்கிறார்கள்.

“சாமி எங்கீங்க?” என்றேன்.

“தகரக் கொட்டாய்ல வெச்சுபோட்டமுங்க. இப்ப எத்தன வேணாலும் அள்ளிக்குங்க அம்மணி.”

லாரிக்குப் பக்கத்தில் கிடந்த துண்டொன்றை எடுத்து வந்தேன். சுத்தமான கல், சுத்தமான முடிவு: பழைய பாறை உருகிப் பிறந்ததுதான்.

வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள், இது பாறையின் எந்த இடத்துக் கல், பழைய பாறையிலிருந்து எத்தனை தூரம் என்று. தெரியாது என்றேன். பழைய பாறையை ஒட்டிய கல் என்றால் அதன் ஸ்ட்ரான்சியமே கலந்திருக்கலாம், இடம் தெரியாத கல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள்.

எடுத்துவிட்டேன். அவர்கள் சொன்னது நியாயம். அந்தத் தோட்டக்காரரும் குறை சொல்ல முடியாதபடிதான் பேசினார். யாரைத் திட்டுவது?