மூன்றாவது அழைப்பு

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நாமெல்லாம் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளித்துக்கொண்டு துண்டிக்கிறோம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகள் எல்லாவற்றுக்குள்ளும், பொத்தான்களுக்கு மேலே, அவருடைய கைபேசி எண்தான் ஒட்டியிருக்கும். கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அந்த எண்ணைத்தான் அழைப்பார்கள். அவர்கள் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே தெரியாத எண் என்றால் அவர் எடுத்தே ஆகவேண்டும். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுப்பார்.

ஹலோ கிலோ எல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடி?" என்பார்.

"நாலாவது மாடிதான் சார், ஏன் கேக்கறீங்க?" என்று ஒருநாள் ஒரு பெண் குழம்பிப்போனாள். "உங்களுக்கு லோன் ஏதாவது வேணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

லோன், இன்ஷூரன்ஸ், வீட்டு மனை, முடி கொட்டாமல் இருக்க எண்ணெய். ஆள் பேசுவது போதாதென்று, நிறுத்தவே முடியாத பதிவுக் குரல்கள் வேறு. எண் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பிரயோசனமில்லை. ஊர் முழுக்க லிஃப்டுக்குள் ஒட்டி வைத்துவிட்டு யாரைப் போய்க் கோபித்துக்கொள்வது? நாமாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்போம். அவர் அதற்கும் பயப்படுவார். திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நிஜமாகவே அடைபட்ட ஒருவர் அழைத்து, லைன் பிஸியாக இருந்தால் என்ன ஆவது? "மாட்டிக்கலையே? அப்ப வச்சிடும்மா" என்பதோடு முடித்துக்கொள்வார். அப்புறம் அரை மணி நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த மனுஷன் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு" என்று மனைவி புலம்புவாள். டாக்டரும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவின் கைபேசியை வாங்கி ஏதோ செய்து வைத்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் கைபேசி வாயே திறக்கவில்லை. மெக்கானிக் வயிறாரச் சாப்பிட்டார். படுத்ததும் கண் சொக்கியது. எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு டீயைக் கையில் வாங்கியவருக்குச் சட்டென்று சுருக்கென்றது. ஒரு லோன்காரர்கூடவா கூப்பிடவில்லை?

"என்னோட ஃபோனுக்கு என்னாச்சு?"

மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "நான்தாம்ப்பா செட் பண்ணி வச்சேன். தெரியாத நம்பரெல்லாம் சத்தமில்லாம ஒரு பக்கமா போயிடும்."

டீ டம்ளர் மேசைமேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. "அடிப்பாவி, உள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா?"

"அதை யோசிக்காம இருப்பேனாப்பா? அதே நம்பர்ல இருந்து மூணாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். அவசரம்னா விடாமதானே அடிப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சத்தமில்லாமல் போனவற்றைத் தேடித் திறந்தார். எல்லாம் ஒற்றை ஒற்றை அழைப்புகள். ஒரே ஒரு எண் மட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து, அப்புறம் வராமல் நின்றுபோயிருந்தது. அழைத்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டோட விட்டுட்டாங்கன்னா விளம்பரமாத்தாம்ப்பா இருக்கும். மாட்டிக்கிட்டவங்க யாராவது ரெண்டோட நிறுத்துவாங்களா?" என்றாள் மகள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

அவருக்கு உட்கார முடியவில்லை. ஒவ்வொரு கட்டடத்துக் காவலாளியாக அழைத்து, லிஃப்ட் ஓடுகிறதா, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். எல்லாம் ஓடின. ஒரு அலுவலகக் கட்டடத்துக் காவலாளி மட்டும் வீட்டில் இருந்தார்.

"மதியமே மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன். திங்கக்கிழமைதான் திறப்பேன். உள்ள ஒரு ஈ காக்கா கிடையாது."

"லிஃப்டுக்குள்ள பாத்தீங்களா?"

"சாவியோட வரேன்" என்றார் காவலாளி.

பைக்கில் போகும்போது மெக்கானிக்குக் கண்டதும் தோன்றியது. திங்கட்கிழமை வரை சோறு தண்ணி இல்லாமல், கரெண்டும் இல்லாமல், அந்த இருட்டுப் பெட்டிக்குள் ஒரு உயிர். சர்க்கரை வியாதிக்காரராக இருந்தால்? இருதய நோயாளியாக இருந்தால்? பின்னால் மகள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஏறிவந்திருந்தாள்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் மெக்கானிக் லிஃப்ட் கதவில் கையால் தட்டினார். "உள்ள யாராவது இருக்கீங்களா?"

மேலே எங்கிருந்தோ மெல்ல ஒரு குரல் வந்தது. "இருக்கேங்க."

காவலாளி முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் மெயினைப் போட்டார். லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கி வந்து கதவைத் திறந்தது. உள்ளே துடைப்பத்தையும் வாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துப்புரவு வேலை செய்யும் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. மகள் கொடுத்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து முடிக்கும்வரை அவரால் பேச முடியவில்லை.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு அழுகையும் வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டார்.

"ஏம்மா, ரெண்டு தடவை அடிச்சிட்டு ஃபோனை அணைச்சு வச்சிட்டீங்களே? விடாம அடிக்க வேண்டியதுதானே?"

"சார்ஜ் கம்மியா இருந்துச்சுங்க. சாயங்காலமா ஒரு தடவை கூப்பிடலாம்னு அணைச்சு வச்சேன். வீட்டுல யாரும் கிடையாது. பொண்ணு வெளியூர்ல இருக்கா, சொன்னா பயந்துடுவா."

"இன்னும் ஒரே ஒரு தடவை அடிச்சிருந்தீங்கன்னா அப்பவே எடுத்திருப்பேம்மா" என்றார் மெக்கானிக். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த அம்மா ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலக் கூனிக் குறுகினார்.

"ரெண்டு தடவை எடுக்கலைன்னா வேலையா இருக்கீங்கன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேலயும் அடிச்சா, இந்த லோன் குடுக்கறவங்க மாதிரி உயிரை வாங்கறாளேன்னு நினைச்சிடுவீங்களோன்னு இருந்துச்சுங்க."