நானூறு கிராம்

தென்காசி நிலோபரைப் பெரிய ஆள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஓசோனை அளக்கும் செயற்கைக்கோள் கருவி ஒன்றுக்குப் பெங்களூரில் உட்கார்ந்து ஒன்பது வருடம் வரைபடம் போட்டவள், அவ்வளவுதான். கல்யாணம், பிள்ளைப்பேறு, முதல் நரை எல்லாமே அந்தக் கருவி வேலைக்கு நடுவே வந்து போனவை.

எடை கூடிவிட்டது என்று எல்லாரும் கையைப் பிசைந்து நின்றபோது, நானூறு கிராம் குறைத்துக் காட்டியவளும் அவள்தான். கருவி தினமும் சூரியனைப் பார்த்துத் தன் பார்வை சரிதானா என்று சோதித்துக்கொள்ளும். அந்த ஒளியை, பூமியைப் பார்க்கும் முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட ஒரு துணைக்கண்ணாடி இருந்தது. அது எதற்கு, முன்கண்ணாடியில் படாமலே ஒளியை நேரே உள்ளே விடலாமே என்று எடுத்துப் போட்டாள். கைதட்டினார்கள். பாழாய்ப்போன கைதட்டல்!

போன மாதம், ஓசோன் கூடுகிறது என்று விண்ணுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்த கருவி சொன்னது. நிலோபர் கையெழுத்திட்டு அறிவித்தாள். துபாய்த் துணிக்கடையில் இருபது வருடம் நின்று திரும்பிய அவள் வாப்பா சேக் மைதீன் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

சாரலுக்கு லீவில் வந்தவள் வாப்பாவோடு ஐந்தருவிக்குப் போயிருந்தாள். காரை நோக்கி நடக்கும்போது அலுவலகத்திலிருந்து விஜயசங்கர் அழைத்தான்.

"மேடம், கூடுனது ஓசோன் இல்ல. கருவிக்குள்ள ஒட்டுன பசையோட ஆவி முன்கண்ணாடியில படிஞ்சிருக்கு. அதுவும் ஓசோன் மாதிரியே புற ஊதாவ விழுங்குது. எவ்வளவு படிஞ்சிருக்குன்னு சூரியன வச்சுக் கண்டுபிடிக்கவும் வழியில்ல. அறிவிப்ப வாபஸ் வாங்கணும்."

ஏன் வழியில்லை என்று அவன் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா? அழைப்பைத் துண்டித்தாள்.

"என்னட்டி, மொகம் செத்துப்போச்சு?" என்றார் வாப்பா.

"கண்ணாடியில அழுக்கு படிஞ்சிட்டு வாப்பா. அது சொன்னது பூராவும் தப்பு."

"அழுக்குதானட்டி? யாரையாவது விட்டுத் தொடைக்கச் சொல்லு."

"எழுநூறு கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துது. யாரு போவா?"

"அப்பம் கீழ எறக்கு."

"முடியாது வாப்பா. இன்னும் அஞ்சு வருசம் சுத்தும். தெனமும் நம்ம தலைக்கு மேல வந்து தப்பாவே சொல்லிட்டுப் போவும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சேக் மைதீன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் தெரு பூரா சொல்லிட்டனேட்டி."

"நான் ஒலகம் பூரா சொல்லிட்டேன் வாப்பா."