ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். சங்கரன்கோவிலில் ஒரு மொத்த சேலைக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். முதலாளி இறந்த பிறகு அன்றுதான் கடையைத் திறந்திருந்தார்கள். பில் போடும் கம்ப்யூட்டர் எதுவும் சர்வரோடு இணையவில்லை.

கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் சர்வர் இருந்த முதலாளியின் அறைக்குள் போனேன். சர்வர் அணைந்து கிடந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கிருந்த ஒரே பாயிண்டில் முதலாளி படத்தின் முன்னால் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கைச் சொருகியிருந்தார்கள். இதற்குத்தானா இவ்வளவு நேரம் என்ற எரிச்சலில் விளக்கைப் பிடுங்கிப்போட்டு சர்வரைச் சொருகினேன்.

"அண்ணாச்சி, கனெக்ட் ஆயிட்டு!" என்று வெளியே பில் போடும் பெண் கத்தினாள்.

திரும்பினால், அறை வாசலில் முதலாளியின் மனைவி.

"பதினாறாம் நாள் காரியம் முடியுத வரைக்கும் அணையக் கூடாதுன்னு நான்தான் போட்டு வச்சேன், தம்பி."

"தெரியாமச் செஞ்சிட்டேன்க்கா. இந்தா போட்டுருதேன்."

பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து இரண்டையும் சொருகினேன். விளக்கு எரிந்தது. அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"அணைஞ்சது அணைஞ்சதுதான? விடுங்க, கடை ஓடணும்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போதும் எந்தக் கடையில் பிளக்கில் கை வைத்தாலும் அந்த அம்மாவின் முகம் வந்து நிற்கிறது. அந்த பாக்ஸ் காலையிலிருந்தே என் பையில்தான் இருந்தது.